சின்ன விமானம் விழுந்தால் விமானிகளுக்கு ஏன் செய்தி மேல் கோபம் வருகிறது?

கேட்டிருப்பது இது: "சின்ன விமானம் ஒன்று விழுந்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த விமானி நண்பர் 'எல்லாத்தையும் தப்பாவே சொல்றாங்க' என்று எழுந்து போய்விட்டார். ஆள் செத்துப்போன நேரத்தில் வார்த்தைக்காகவா கோபப்படுவது? என் மகள் விமானி பயிற்சிக்குச் சேரப் போகிறாள். இப்படிப்பட்ட செய்திகளை நான் எப்படி எடுத்துக்கொள்வது?"

நானும் அப்படி எழுந்து போனவன்தான். நியூ ஜெர்சியில் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவன். உங்கள் நண்பருக்கு வந்த கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதியில் விமானிகள் எங்கள் குற்றமும் இருக்கிறது. பொதுவாகப் பேசினால் புரியாது, ஒரே ஒரு விபத்தை எடுத்துக்கொள்கிறேன். அது நடந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன், அதே ஆற்றின் மேல் அதற்கு மூன்று வாரம் முன்பு பறந்தும் இருந்தேன்.

2006 அக்டோபர் 11, புதன்கிழமை. மதியம் 2.42 மணிக்கு நியூயார்க்கின் மன்ஹாட்டனில், 72ஆவது தெருவின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிறு விமானம் ஒன்று மோதியது. நான் அலுவலகத்தில் இருந்தேன். யாரோ சாப்பாட்டு அறையில் டிவியைப் போட்டார்கள். முதலில் ஹெலிகாப்டர் என்றார்கள், அப்புறம் விமானம் என்றார்கள். செப்டம்பர் 11 நடந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. கட்டடத்திலிருந்து கரும்புகை வரும் படத்தைப் பார்த்ததும் அந்த அறையில் ஒருவரும் பேசவில்லை. பல நகரங்களின் மேல் போர் விமானங்கள் அனுப்பப்பட்டன. மாலைக்குள் தெரிந்துவிட்டது: விமானம் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் கோரி லிடிலுடையது. வயது 34. கூட ஒரு விமானப் பயிற்றுநரும் இருந்தார். இருவரும் இறந்துவிட்டார்கள். குடியிருப்பில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தீக்காயம்.

அன்று இரவு மதுரையிலிருந்து அம்மா போன் செய்தார். அங்கே விடிந்திருந்தது, காலைச் செய்தியில் பார்த்திருக்கிறார்.

"ஏன்டா, ஏதோ குட்டி விமானம் மாடி வீட்டுல மோதிருச்சாமே. நீ பத்திரமாத்தானே இருக்க?"

"நான் ஆபீஸ்ல இருந்தேன்மா."

"எஞ்சின் நின்னு போச்சாம்ல?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாதும்மா."

"சரி, அவ்வளவு உசரக் கட்டடத்துக்கு நடுவுல எதுக்குடா போனாங்க? திரும்பி வர இடம் இருந்துச்சா?"

விமானத்தின் உள்ளே ஒரு தடவைகூட உட்காராத அம்மா கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் இந்த விபத்தின் மொத்த விஷயமும். ஏழு மாதம் கழித்து வந்த விசாரணை முடிவு அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் இருந்தது. அன்று நான் பார்த்த டிவியில் அதைக் கேட்டவர் எவரும் இல்லை. எஞ்சின் நின்றதா, தீவிரவாதமா, தற்கொலையா, ஏன் ஃப்ளைட் பிளான் (கிளம்புமுன் கொடுக்கும் பயணத் திட்டம்) கொடுக்கவில்லை, இவரை எப்படிப் பறக்க விட்டார்கள் என்பதுதான் மணிக்கணக்காக ஓடியது.

நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிரஸ் எஸ்ஆர் 20 என்ற நான்கு பேர் உட்காரும் விமானம், நியூ ஜெர்சியின் டீட்டர்பரோ விமான நிலையத்திலிருந்து 2.29க்குக் கிளம்பியது. ஹட்சன் ஆற்றின் மேல் தெற்கே போய், சுதந்திர தேவி சிலையைச் சுற்றி, கிழக்காறு (ஈஸ்ட் ரிவர்) என்ற ஆற்றின் மேல் வடக்கே ஏறியது. மன்ஹாட்டனைச் சுற்றியிருக்கும் வான்வெளி பெரிய விமான நிலையங்களின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனால் இரண்டு ஆறுகளின் மேலும், தாழ்வான உயரத்தில், கட்டுப்பாட்டு மையத்திடம் அனுமதி கேட்காமலே பறக்க அப்போது வழி விட்டிருந்தார்கள். ஹட்சன் பக்கம் அந்த வழி நீண்டு கிடக்கும், ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே போய்விடலாம். கிழக்காற்றுப் பக்கம் அப்படி இல்லை. ரூஸ்வெல்ட் தீவின் வடக்கு நுனியோடு வழி முடிந்துவிடும். அதற்கு மேல் லகுவார்டியா விமான நிலையத்தின் வான்வெளி. அது ஒரு முட்டுச்சந்து. அங்கே போனால் ஒன்று ரேடியோவில் அனுமதி வாங்கி நேராகப் போக வேண்டும், இல்லையென்றால் ஆற்றின் அகலத்துக்குள்ளேயே யூ டர்ன் எடுத்துத் திரும்ப வேண்டும். இவர்கள் இடப்பக்கமாக, மன்ஹாட்டனை நோக்கித் திரும்பினார்கள். திருப்பம் முடிவதற்குள் ஆறு முடிந்துவிட்டது.

இனி வார்த்தைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் எழுந்து போனது அதனால்தான் இருக்கும்.

சின்ன விமான விபத்துச் செய்தியில் தவறாமல் அடிபடும் சொல் "ஸ்டால்". கார், பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டால் என்றால் எஞ்சின் அடங்கிப்போவது. விமானத்தில் அதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதே விமானம் ஸ்டால் ஆகலாம். இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழுக்கிப் போய்க்கொண்டிருந்த காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்கும் விசை சட்டென்று குறைந்துவிடும்.

பயிற்சியில் இதை வேண்டுமென்றே செய்து பார்க்க வைப்பார்கள். முதல்முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாயிரம் அடிக்கு மேல் ஏறி, எஞ்சினைக் குறைத்து, மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கச் சொன்னார் என் பயிற்றுநர். கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரிந்தது. காற்றின் சத்தம் குறைந்துகொண்டே வந்து, விமானத்தை ஓட்டும் கைப்பிடி பிடிமானம் இல்லாமல் தொளதொள என்று ஆனது. இடது இறக்கைப் பக்கத்திலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. செஸ்னா நிறுவனத்தின் பழைய சிறு விமானத்தில் அந்த எச்சரிக்கைக்கு மின்சாரம் கிடையாது. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குப் பின்னால் ஒரு நாக்கு. காற்று உறிஞ்சப்படும்போது அது தானாகவே ஊதும். நாதஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, கிட்டத்தட்ட அதே சத்தம். அப்புறம் விமானம் லேசாக நடுங்கி, மூக்கு தொப்பென்று கீழே விழுந்தது. அந்த நொடியில் கை தானாகக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கும், கீழே போகிறதை மேலே தூக்க வேண்டும் என்றுதான் உடம்பு சொல்லும். இழுத்தால் இன்னும் மோசமாகும். முன்னால் தள்ள வேண்டும். பூமியை நோக்கி விழும் விமானத்தை இன்னும் பூமியை நோக்கித் தள்ளுவதற்குக் கையைப் பழக்க எனக்குப் பல வகுப்புகள் ஆயின.

"ஸ்டால் ஆகி விழுந்தது" என்று ஒரு விமானி சொல்லி, அதை நிருபர் "எஞ்சின் செயலிழந்து விழுந்தது" என்று எழுதும்போது நாங்கள் கொதிப்பது இதனால்தான். எஞ்சின் செயலிழந்தது என்றால் கேட்பவருக்கு "இயந்திரக் கோளாறு, யார் என்ன செய்ய முடியும்" என்று படும். ஸ்டால் என்பது கையாலும் புத்தியாலும் தவிர்க்கக்கூடிய விஷயம், அதற்காகத்தான் அத்தனை பயிற்சி.

அடுத்தது ஃப்ளைட் பிளான். கோரி லிடில் விஷயத்திலும் சரி, 1999இல் முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் விமானம் கடலில் விழுந்தபோதும் சரி, "ஃப்ளைட் பிளான் தாக்கல் செய்யவில்லை" என்பதை ஏதோ லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியது மாதிரிச் சொன்னார்கள். இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் கேட்கும். நம் ஊரில் பெரும்பாலும் திட்டம் கொடுத்து, வான்பாதுகாப்பு அனுமதியும் வாங்கித்தான் கிளம்ப முடியும். அமெரிக்காவில் நல்ல வானிலையில், கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானத்துக்கு அது கட்டாயம் இல்லை. விரும்பிக் கொடுத்தாலும் அதனால் ஒரே ஒரு பயன்தான்: சொன்ன நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றால் தேட ஆரம்பிப்பார்கள். ராடார் முன் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்து வழி சொல்வதில்லை. ஆற்றின் மேல் பதின்மூன்று நிமிடம் பறந்தவர் அதைக் கொடுத்திருந்தாலும் அந்தத் திருப்பம் ஓர் அடிகூட மாறியிருக்காது.

எல்லாச் சின்ன விமானமும் "செஸ்னா" ஆகிவிடுவது, கருப்புப் பெட்டியைத் தேடுகிறார்கள் என்பது (இவ்வளவு சின்ன விமானத்துக்குக் கருப்புப் பெட்டி கட்டாயமே இல்லை), பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் விமானி அதைக் காப்பாற்ற விலகிப்போனார் என்பது: இவற்றையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தெருவில் நின்றவர் "எஞ்சின் விட்டு விட்டு இருமியது" என்று சொல்வதைத்தான் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து விலகிப்போகும் எஞ்சினின் சத்தம் மாறும், கட்டடங்களில் எதிரொலிக்கும், திருப்பத்தில் இன்னும் மாறும். கேட்டவருக்கு அது இருமலாகத்தான் படும். விசாரணைக்காரர்கள் அந்த எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார்கள், கோளாறு எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை நாங்கள் பயிற்சி எடுக்கும் இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மாணவர்கள் ஆறு பேர் வந்திருந்தோம். எல்லோருக்கும் டிவி மேல் கோபம். "ஸ்டால் என்றால் என்னவென்றே தெரியவில்லை இவர்களுக்கு" என்று ஆரம்பித்து மாறி மாறிப் பொரிந்து தள்ளினோம். பயிற்றுநர் எதுவும் பேசாமல் வெள்ளைப் பலகையில் இரண்டு கோடு போட்டார். "இது ஆறு. அகலம் 2,100 அடி. நீங்கள் வடக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். திரும்பி வர வேண்டும். எந்தக் கரையை ஒட்டிப் போவீர்கள், எந்தப் பக்கம் திரும்புவீர்கள்?" என்று கேட்டார். ஒருவர் நடுவில் என்றார், நான் வலது கரை என்றேன். ஆளுக்கு ஒன்று சொல்லி முடித்ததும் அவர் மார்க்கரை மூடி வைத்துவிட்டு, "ஆறு பேரில் ஒருவர்கூட என்னிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை" என்றார்.

மூன்று நாளாக நிருபர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

அப்புறம் அவர் காற்றை வரைந்தார். அன்று காற்று கிழக்கிலிருந்து, சுமார் 13 நாட் வேகத்தில் வீசியது, அதாவது மணிக்கு 24 கிலோமீட்டர். தரையில் இருப்பவருக்கு அது கொடியில் போட்ட துணி படபடக்கும் காற்று, அவ்வளவுதான். ஆனால் விமானம் காற்றுக்குள் நீந்துகிறது, காற்று நகர்ந்தால் விமானமும் கூடவே நகரும். ஆற்று வெள்ளத்தின் குறுக்கே பரிசல் விடுகிறவருக்கு இது சொல்லாமலே தெரியும். அரைவட்டம் அடிக்க ஏறக்குறைய 18 நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் காற்று மட்டுமே விமானத்தை 400 அடி மன்ஹாட்டன் பக்கம் தள்ளியிருக்கும்.

2007 மே மாதம் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவைச் சொன்னபோது கணக்கு அப்படியேதான் இருந்தது. ஆற்றின் அகலம் 2,100 அடி. இவர்கள் கிழக்குக் கரையை ஒட்டிப் போகாததால் திரும்பக் கிடைத்தது 1,700 அடி. காற்று தள்ளியது 400 அடி. மிச்சம் 1,300 அடி. அதற்குள் திரும்ப வேண்டுமானால் தொடக்கம் முதல் முடிவுவரை விமானத்தைக் குறைந்தது 53 டிகிரி சாய்த்தே வைத்திருக்க வேண்டும். சாதாரணமாகத் திரும்பும்போது நாங்கள் 30 டிகிரிக்குள்தான் சாய்ப்போம். 53 டிகிரியில் உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை தாங்க வேண்டிய எடை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும், ஸ்டால் ஆகும் வேகமும் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறிவிடும். முதலில் கொஞ்சமாகச் சாய்த்து, கட்டடம் நெருங்குவதைப் பார்த்துப் பாதியில் அதிகம் சாய்த்தால், 53 போதாது, அதற்கும் மேலே போக வேண்டும். அங்கே ஸ்டால் காத்திருக்கிறது. வாரியம் சொன்ன காரணம் ஒரே வாக்கியம்: குறுகிய இடத்துக்குள் 180 டிகிரி திரும்புவதில் திட்டமிடல், தீர்மானம், விமானம் ஓட்டும் திறன் மூன்றும் போதவில்லை.

பயிற்றுநர் அன்று இன்னொன்றும் காட்டினார். திருப்பத்தின் ஆரம், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். காற்றை ஒதுக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள்: 97 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்த்தால் அரைவட்டத்துக்கு ஏறக்குறைய 2,900 அடி அகலம் வேண்டும், ஆறே பத்தாது. அதே சாய்வில் வேகத்தை 80 நாட்டுக்குக் குறைத்தால் சுமார் 2,000 அடி போதும். நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, மன்ஹாட்டன் கரையை ஒட்டிப் போய் காற்றை எதிர்த்து வலப்பக்கம் திரும்புவது, இல்லையென்றால் லகுவார்டியாவைக் கூப்பிட்டு "நேராகப் போகட்டுமா" என்று கேட்பது. மூன்றுமே செலவில்லாத வழிகள். எந்தத் தொலைக்காட்சியிலாவது ஒரு நிமிடம் இதைச் சொல்லியிருந்தால், அன்று பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ விமானிகளுக்கு உபயோகப்பட்டிருக்கும். எங்கள் கோபத்தின் நியாயமான பாதி இதுதான். மலைப் பள்ளத்தாக்கில், ஏரி மேல், கட்டடங்களுக்கு நடுவில் என்று இதே திருப்பத்தில் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செய்தியில் பெரிதாக வந்தது என்னவோ வேறு. லிடில் லைசென்ஸ் வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது, பறந்தது நூறு மணி நேரம்கூட இல்லை, ஆகவே அனுபவமில்லாத பணக்கார வீரர் விமானத்தைக் கொண்டுபோய் மோதிவிட்டார் என்ற கதை இரண்டே நாளில் உறைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பயிற்றுநர் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் சொன்னார்கள், யாரும் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் கைப்பிடி யார் கையில் இருந்தது என்பதை விசாரணையால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் காரணத்தில் "விமானிகளின்" என்று பன்மையில் எழுதினார்கள்.

அந்த விமானத்துக்கே ஒரு பாராசூட் உண்டு. ஒரு மாதம் முன்பு லிடில் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் அதைச் சொல்லி, பாதுகாப்பானது என்று பேசியிருந்தார். அந்தப் பேட்டியைத் திரும்பத் திரும்ப எடுத்துப்போட்டு, ஏன் இழுக்கவில்லை என்று கேட்டார்கள். சமமாகப் பறக்கும்போது இழுத்தாலே அது விரிந்து பிடிப்பதற்குள் விமானம் 400 அடி இறங்கிவிடும். இவர்கள் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள், அதுவும் கட்டடங்களை விடத் தாழ்வாக. இறந்தவரின் பழைய வார்த்தையை எடுத்து அவர் மேலேயே வீசியது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

1979இல் யாங்கீஸ் அணித் தலைவர் தர்மன் மன்சன் தன் ஜெட் விமானத்தை ஓட்டி இறந்தவர். உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். கென்னடி ஜூனியர் இறந்தபோது இது இன்னும் மோசம். "கென்னடி குடும்பத்தின் சாபம்" என்று எத்தனை பக்கங்கள், எத்தனை மணி நேரங்கள். 1999 ஜூலை 16 இரவு, மனைவியையும் அவருடைய சகோதரியையும் ஏற்றிக்கொண்டு கடல் மேல் பறந்தார். மழை இல்லை, புயல் இல்லை, சட்டப்படி பறக்கக்கூடிய வானிலை. ஆனால் புழுதிப் பனிபோல ஒரு மூட்டம், நிலவொளி போதாத இருட்டு, கீழே விளக்கில்லாத தண்ணீர். வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அப்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும், உட்கார்ந்திருப்பவருக்கு நேராகப் போவதாகவே இருக்கும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சியை அவர் பாதிதான் முடித்திருந்தார். கடைசி அரை நிமிடத்தில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கியது. சாபம் என்று படித்தவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். காது பொய் சொல்லும் என்று படித்த விமானி அடுத்த முறை அப்படி ஓர் இரவில் கிளம்பமாட்டார்.

இப்போது எங்கள் பக்கக் குற்றம்.

விபத்து நடந்ததும் விமானிகள் இரண்டு காரியம் செய்வோம். ஒன்று, இறந்தவரிடம் ஒரு குறையைத் தேடுவோம். "நூறு மணி நேரம்கூட இல்லை", "நானாக இருந்தால் அங்கே போயிருக்கமாட்டேன்." இதற்கு நிருபர் வேண்டாம், நாங்களே போதும். அப்படிச் சொல்லிக்கொண்டால் அடுத்த வாரம் நிம்மதியாகப் பறக்கலாம் என்பதுதான் காரணம், கொஞ்சம் பயத்தில் வருவது. நான் அந்த ஆற்றின் மேல் பறந்த அன்று காற்று அடங்கிக் கிடந்தது, பக்கத்தில் கவனமான பயிற்றுநர் இருந்தார். அவர் லகுவார்டியாவைக் கூப்பிட்டு அனுமதி வாங்கி நேராகப் போனார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் பலகை முன் நின்ற அன்றுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது, "காரில் போவதைவிட இது பாதுகாப்பு" என்று அடித்துச் சொல்வோம். அந்தக் கணக்கு பெரிய பயணிகள் விமானத்துக்குப் பொருந்தும். சின்னத் தனியார் விமானத்துக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் இந்த வகைப் பறத்தலில் ஒரு லட்சம் மணி நேரத்துக்குச் சுமார் ஓர் உயிரிழப்பு விபத்து நடக்கிறது. மோட்டார் சைக்கிளோடு ஒப்பிடுவதுதான் நேர்மை. இதை மறைத்துவிட்டு நிருபர் தப்பாகச் சொல்கிறார் என்று குறைப்படுவது சரியில்லை.

அன்று டிவியில் கேட்ட "இப்படிப் பறக்க ஏன் விடுகிறார்கள்" என்ற கேள்விக்கும் நாங்கள் துள்ளினோம், சுதந்திரம் போய்விடும் என்று. ஆனால் விபத்து நடந்து இரண்டே நாளில், அக்டோபர் 13 அன்று, கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் கிழக்காற்றின் மேல் இறக்கை விமானங்கள் (ஹெலிகாப்டர் அல்லாதவை) கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது சரியான முடிவு, முட்டுச்சந்து என்பது வரைபடத்திலேயே இருந்ததுதானே. மூன்று வருடம் கழித்து 2009 ஆகஸ்ட் 8இல் ஹட்சன் மேல் ஒரு சிறு விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அப்போதும் ஊடகங்கள் விடாமல் கேட்டன, அப்போதும் எங்களில் பலர் முணுமுணுத்தோம். அதற்குப் பிறகு அங்கே பறப்பவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைப் பொது அலைவரிசையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும், 140 நாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. இன்று அந்த ஆற்றின் மேல் பறக்கும்போது "பாலம் தாண்டுகிறேன், ஆயிரம் அடி, தெற்கே போகிறேன்" என்று அடுத்தடுத்துக் குரல்கள் காதில் விழுவது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

நிருபர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் அவர்களிடம் ஒரு புகைப்படமும் இரண்டு சாட்சியும்தான் இருக்கும், ஆனால் ஒரு மணி நேரம் பேசியாக வேண்டும். எனக்கு வருத்தம் தருவது ஏழாவது மாதம். காரணம் என்ன என்று தெரிந்த நாளில் கேமராக்கள் அவ்வளவாக இல்லை. காற்று 13 நாட், மிச்சம் 1,300 அடி என்பது எங்கேயோ உள்பக்கத்தில் வந்தது. என் அலுவலகத்தில் அன்று டிவி முன் நின்றவர்களைக் கேட்டால் இன்றும் "எஞ்சின் நின்று போய் மோதியது" என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். விபத்துச் செய்தியை அவளிடமிருந்து மறைக்காதீர்கள், ஆனால் முதல் நாள் செய்தியை வைத்து அவளோடு சண்டையும் போடாதீர்கள். முதல் நாளில் நம்பக்கூடியவை இடம், நேரம், விமானத்தின் வகை, அன்றைய வானிலை. "காரணம்" என்று வருவதை ஒதுக்கி வையுங்கள். இந்தியாவில் நடந்த விபத்து என்றால் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு தன் அறிக்கையை இணையத்தில் போடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தாமதமாகும், காத்திருங்கள். வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பத்துப் பக்கம் தாண்டினால் பிடிபட்டுவிடும்.

பயிற்சிப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சமீபத்தில் நடந்த ஏதாவது ஒரு பயிற்சி விமான விபத்தைச் சொல்லி, இதை மாணவர்களோடு பேசினீர்களா, என்ன பேசினீர்கள் என்று தலைமைப் பயிற்றுநரிடம் கேளுங்கள். "அதெல்லாம் அந்தப் பையன் செய்த தப்பு" என்று ஒரே வரியில் முடித்தால் வேறு பள்ளி பாருங்கள். எழுந்து போய்ப் பலகையில் இரண்டு கோடு போட ஆரம்பித்தால், உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.